ரிவர்ஸ் டிஎன்எஸ்: ஐபி முகவரிக்குப் பெயர் எழுதும் கை யாருடையது?

யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோர் சொந்தமாக மெயில் சேர்வர் வைத்துக்கொண்டதும் முதலில் முட்டுப்படுகிற தடை பெரும்பாலும் ஒன்றுதான். தெரிந்த சில இடங்களுக்கு மெயில் போய்ச் சேரும். ஜிமெயிலுக்கு அனுப்பினால் திரும்பி வரும். திரும்பி வந்த கடிதத்தின் அடியில் 550 5.7.25 என்று ஓர் எண் இருக்கும். அனுப்பிய ஐபி முகவரிக்குப் பிடிஆர் பதிவு (டிஎன்எஸ் என்ற இணையப் பெயரேட்டில் எண்ணுக்குரிய பெயரைச் சொல்லும் வரி) இல்லை, அல்லது இருக்கிற பதிவு காட்டும் பெயர் அதே முகவரிக்குத் திரும்பி வரவில்லை என்பது அதன் பொருள். 2014இல் வந்த ஆர்எஃப்சி 7372 என்ற இணையத் தர ஆவணம் இந்த எண்ணை இதற்கென்றே ஒதுக்கியது. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுள் இதை அனுப்புகிறவர் எல்லோருக்கும் விதியாக்கிவிட்டது. நாளொன்றுக்கு 5,000 கடிதம் தாண்டுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 5,000, டிமார்க் (அனுப்புகிற டொமைன் போலியா என்று சோதிக்கும் ஏற்பாடு) போன்ற வேறு விதிகளுக்கான எல்லை. ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது எண்ணிலிருந்து பெயரைத் தேடும் இந்த ஏற்பாடு, ஒரு கடிதம் அனுப்புகிறவருக்கும் வேண்டும்.

எஸ்பிஎஃப், டிகிம் என்ற மெயில் அடையாளப் பதிவுகளையெல்லாம் ஒழுங்காகப் போட்டவர்கள்கூட இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அவையெல்லாம் தங்கள் டொமைனின் பனலுக்குள் தாங்களே எழுதக்கூடியவை. பிடிஆர் அப்படியல்ல. இதைப் பற்றித் தொலைபேசியில் பேச்சு வந்தால் அநேகமாக இப்படித்தான் தொடங்கும்:

“அண்ணை, டொமைன் எங்கட பேரிலதானே இருக்கு. பனலுக்குள்ள போய்ப் பிடிஆர் எண்டு போட்டும் வேலை செய்யேல்லை.”

“தம்பி, டொமைன் உங்கட. ஐபி ஆற்றை?”

விஷயம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பெயரிலிருந்து எண்ணைத் தேடும்போது அதிகாரம் பெயரை வாங்கியவரிடம் இருக்கும். எண்ணிலிருந்து பெயரைத் தேடும்போது அதிகாரம் எண்ணை வைத்திருப்பவரிடம் போய்விடும். வாடகை வீட்டுக்கு நீங்கள் என்ன பெயரும் சொல்லிக்கொள்ளலாம். படலையில் பலகை அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். டொட் எல்கே பெயர்களை 1990 முதல் நடத்திவரும் எல்கே டொமைன் பதிவகத்துக்கும் உங்கள் பிடிஆருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஐபி முகவரிகள் வேறு வழியால் வருகின்றன: ஆசிய பசிபிக் பகுதிக்கு அவற்றைப் பங்கிடும் ஏப்னிக், பிரிஸ்பேனில் இருக்கிறது, அங்கிருந்து இலங்கையின் இணைய நிறுவனங்களுக்கு, அங்கிருந்து உங்கள் கந்தோருக்கு. பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு முகவரி லேர்ன் என்ற இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு வழியாக வந்திருந்தால் கேட்க வேண்டிய இடம் லேர்ன். கிளவுட்டில் சேர்வர் எடுத்தவருக்கு அந்தக் கிளவுட் கொம்பனி.

கிளவுட்டில் இருப்பவர்களுக்கு வேலை சுகம். டிஜிட்டல்ஓஷனில் டிராப்லெட்டுக்கு, அதாவது வாடகைக்கு எடுத்த சேர்வருக்கு, வைக்கிற பெயரே பிடிஆர் ஆகிவிடும். அமேசான் போன்றவற்றில், பெயரிலிருந்து எண்ணைச் சொல்லும் ஏ பதிவு முதலில் சரியாக இருந்தால்தான் பிடிஆர் வைக்க விடுவார்கள். கந்தோருக்கே ஃபைபர் இழுத்து நிலையான ஐபி ஒன்று வாங்கியவர்கள்தான் அலைய வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் எடுப்பவருக்குப் பிடிஆர் என்ற சொல்லே புதிதாக இருக்கலாம். வணிக இணைப்புகளைக் கவனிக்கும் பிரிவுக்கு எழுத்தில் கேட்பது நல்லது. அப்படி எழுதும்போது இரண்டே விஷயம் போதும்: எந்த முகவரி, அதற்கு என்ன முழுப் பெயர். டொங்கிளிலும் சாதாரண வீட்டு இணைப்பிலும் இருப்பவர்கள் கேட்டுப் பயனில்லை. பல வாடிக்கையாளர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டில், 100.64 என்று தொடங்கும் முகவரி உங்கள் ரூட்டரில் தெரிந்தால், பெயர் வைக்க உங்களுக்கென்று ஒரு பொது முகவரியே கிடையாது.

இனி உள்ளே எப்படி ஓடுகிறது என்பது. டிஎன்எஸ் ஒரு மரம்; பெயரை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வாசித்துக்கொண்டு இறங்கும். மெயில்.எக்ஸாம்பிள்.கொம் என்றால் முதலில் கொம், பிறகு எக்ஸாம்பிள், பிறகு மெயில். ஐபி முகவரியில் பெரிய பகுதி இடப்பக்கம் நிற்கிறது. அதனால் 203.0.113.26 என்ற முகவரியைத் தேடும்போது எண்களைத் திருப்பிப் போட்டு, 26.113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பா என்று ஒரு பெயராக்கிக் கேட்கிறார்கள். போல் மொக்கபெட்ரிஸ் 1987 நவம்பரில் எழுதிய ஆர்எஃப்சி 1034, 1035 இரண்டிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. பிடிஆர் அங்கே 12ஆம் வகைப் பதிவு. ஆர்ப்பா என்ற வால் பழைய ஆர்ப்பாநெட்டின் எச்சம். இந்தக் கிளையை நெடுங்காலம் மரத்தின் உச்சியிலுள்ள ரூட் சேர்வர்களே சுமந்தன. 2011இல்தான் அதைப் பிரித்து, ஐந்து பிராந்தியப் பதிவகங்களும், இணையப் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகானும் ஆளுக்கொன்றாக நடத்தும் ஆறு சேர்வர்களிடம் கொடுத்தார்கள்.

புள்ளிக்குப் புள்ளிதான் இந்த மரம் கிளை விடும். எனவே 256 முகவரி கொண்ட ஒரு முழுத் தொகுதி கையில் இருந்தால், 113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பா என்ற ஸோனை, அதாவது அந்தக் கிளையின் பதிவுகள் முழுவதையும், அப்படியே உங்கள் சேர்வருக்குத் திருப்பிவிடலாம். ஏப்னிக் உறுப்பினராக இருந்தால் அவர்களுடைய தளத்தில் உங்கள் நேம்சேர்வர்களின் (பதிவுகளை வைத்துப் பதில் சொல்லும் சேர்வர்களின்) பெயர்களைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் இங்கே எந்தக் கந்தோருக்கு 256 முகவரி கிடைக்கிறது? கிடைப்பது ஒன்று, மிஞ்சினால் எட்டு. எட்டுக்காரருக்கு 203.0.113.24 முதல் 31 வரை வந்ததென்று வையுங்கள். முதலாவது வலைக்கு, கடைசி புரோட்காஸ்டுக்கு, ஒன்று கொம்பனியின் ரூட்டருக்குப் போக, மிச்சம் ஐந்து. அந்த ஐந்துக்குப் பெயர் வைக்கிற உரிமையை மட்டும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது? புள்ளிக்கு நடுவில் வெட்ட முடியாதே.

இதற்கு 1998இல் ஆர்எஃப்சி 2317 ஒரு கெட்டிக்கார வழி சொன்னது. இணைய நிறுவனம் தன் ஸோனுக்குள் 24-31 என்று ஒரு புதுக் கிளையைத் தானே உண்டாக்குகிறது. அந்தக் கிளையை உங்கள் நேம்சேர்வருக்குக் கைமாற்றுகிறது. பிறகு 26 என்ற பெயருக்குப் பிடிஆர் எழுதாமல், “இதன் உண்மைப் பெயர் 26.24-31.113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பா” என்று ஒரு சிநேம் எழுதிவிடுகிறது. கேட்பவர் சிநேமைப் பிடித்துக்கொண்டு உங்கள் சேர்வருக்கு வந்து, அங்கே பிடிஆரைப் பெறுகிறார். டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையில் பார்த்தால் பதிலில் இரண்டு வரி வரும். அதைப் பிழையென்று நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு. அது சரியான பதில்தான்.

என் அபிப்பிராயம் இது: ஐந்து முகவரிக்காக இந்தக் கைமாற்றலைக் கேட்டு வாங்குவது பெரும்பாலும் வீண் வேலை. பெயர் அடிக்கடி மாறப்போவதில்லை. நிறுவனத்தையே எழுதச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. கைமாற்றி வாங்கினால் அந்தப் பதிவுகளைச் சொல்லும் சேர்வர் எப்போதும் எழும்பி நிற்க வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதை நாங்கள் கண்டவர்கள். இரண்டு நேம்சேர்வரும் ஸ்டான்லி வீதியில் ஒரே அறையில், ஒரே யூபிஎஸ்ஸில் இருந்தால், கரண்ட் போன நேரத்தில் அந்த முகவரிகள் எல்லாம் பெயரற்றவையாகிவிடும். இரண்டாவது நேம்சேர்வர் வேறு ஊரில், முடிந்தால் வேறு நாட்டில் இருக்கட்டும்.

சொந்தமாக ஸோன் கோப்பு எழுதத்தான் வேண்டும் என்றால், பெரிய வேலையொன்றும் இல்லை. தலைக்கு ஸோனின் விவரம் சொல்லும் ஒரு எஸ்ஓஏ, நேம்சேர்வர்களுக்கு என்எஸ் வரிகள், அதன் கீழ் முகவரிக்கு ஒரு பிடிஆர். பிழை வருகிற இடங்களும் இரண்டுதான். ஒன்று, பெயரின் கடைசிப் புள்ளி. பைண்ட் என்ற நேம்சேர்வர் மென்பொருளின் கோப்பில் 26க்கு எதிரே மெயில்.எக்ஸாம்பிள்.கொம் என்று எழுதி முடிவில் புள்ளி வைக்க மறந்தால், அதை முடியாத பெயர் என்று எடுத்துக்கொண்டு பைண்ட் தன் ஸோன் பெயரைப் பின்னால் ஒட்டிவிடும். வெளியே தெரிவது மெயில்.எக்ஸாம்பிள்.கொம்.113.0.203.இன்-அட்ர்.ஆர்ப்பா. கோப்பைச் சோதிக்கும் நேம்ட்-செக்ஸோன் கட்டளையும் இதைப் பிழை என்று சொல்லாது. எழுத்திலக்கணப்படி அது சரியான பெயர்தானே. மற்றது எஸ்ஓஏயிலுள்ள வரிசை எண். கோப்பை மாற்றிவிட்டு அந்த எண்ணை ஏற்றாமல் விட்டால் முதல் சேர்வர் புதியதைச் சொல்லும், இரண்டாவது பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒருக்கால் சரி, ஒருக்கால் பிழை என்று வருகிற புதிர்களில் பாதி இதுதான். ஆண்டு, மாதம், நாள், அதன்பின் இரண்டு இலக்கம் என்று வரிசை எண்ணை எழுதும் வழக்கம் இதற்காகவே வந்தது.

ஒரு முகவரிக்குப் பல பிடிஆர் எழுதலாமா என்றால், எழுத முடியும், எழுத வேண்டாம். ஒரே சேர்வரில் இருபது டொமைன் ஓடினாலும் பிடிஆர் ஒன்று போதும். கடிதத்தை வாங்கும் சேர்வர்கள் பார்ப்பது, அனுப்பும் சேர்வர் ஹெலோ சொல்லும்போது தன்னை என்ன பெயரால் அறிமுகப்படுத்துகிறது, பிடிஆர் என்ன சொல்கிறது, அந்தப் பெயரின் ஏ பதிவு அதே முகவரியைக் காட்டுகிறதா என்பதைத்தான். மூன்றும் ஒன்றாக இருந்துவிட்டால் அனுப்புகிற டொமைன் வேறாக இருப்பதில் குற்றமில்லை. இணைய நிறுவனம் எல்லா முகவரிக்கும் தானாக உண்டாக்கி வைக்கும் பெயர், அதாவது ஐபி எண்களையே கோத்து நடுவில் டைனமிக் என்றோ டிஎஸ்எல் என்றோ செருகிய பெயர், இல்லாததை விடக் கொஞ்சம் மேல். அவ்வளவே. வீட்டு இணைப்பு என்று கண்டு தள்ளிவிடும் சேர்வர்கள் நிறைய.

சரிபார்ப்பதற்கு வருவோம். டிக் -எக்ஸ் 203.0.113.26 என்று அடித்தால் எண்ணைத் திருப்பும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். பெயர் வந்ததா வரவில்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் மிக முக்கியமான சொல்லை வாசிக்காமல் விடுகிறார்கள். தலைப்பகுதியில் ஸ்டேட்டஸ் என்று ஒன்று இருக்கும். அங்கே என்எக்ஸ்டொமைன் என்றிருந்தால், பொறுப்பான சேர்வர் எழும்பி நின்று “அப்படி ஒரு பெயரே இல்லை” என்று பதில் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் கைமாற்றலில் கோளாறில்லை, பதிவைத்தான் எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கேட்கலாம். சேர்வ்ஃபெயில் என்றிருந்தால் கதை வேறு: மேலே யாரோ ஒருவர் இன்னொரு சேர்வரைக் கைகாட்டியிருக்கிறார், அந்தச் சேர்வர் செத்துக் கிடக்கிறது, அல்லது அப்படி ஒரு ஸோனே தன்னிடம் இல்லை என்று மறுக்கிறது. இங்கே புதிதாகப் பிடிஆர் எழுதி ஒரு பயனுமில்லை. முறிந்த இடத்தைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நோஎரர் என்று வந்தும் விடை வரி காலியாக இருந்தால், பெயர் இருக்கிறது, ஆனால் பிடிஆர் வகையில் ஒன்றும் இல்லை. பிடிஆருக்குப் பதில் வேறு வகையைத் தெரிவுசெய்து எழுதினவர்களிடம் இதைப் பார்க்கலாம்.

முறிந்த இடத்தைக் காட்டுவதற்கு அதே கட்டளையோடு பிளஸ் டிரேஸ் சேர்த்தால் போதும். ரூட்டிலிருந்து ஆர்ப்பா, இன்-அட்ர், 203 என்று ஒவ்வொரு படியிலும் யார் யாரைக் கைகாட்டுகிறார் என்பது வரிவரியாக இறங்கும். கடைசியாகப் பதில் சொன்ன சேர்வரின் பெயரைப் பாருங்கள். அது ஏப்னிக்கின் சேர்வராக இருந்தால் இணைய நிறுவனத்துக்கே அந்தத் தொகுதி கைமாறவில்லை. நிறுவனத்தின் சேர்வராக இருந்தால் அவர்களிடம் பேசலாம். உங்களுடையதாக இருந்தால் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. ஆதரவுப் பிரிவுக்கு “வேலை செய்யவில்லை” என்று எழுதுவதை விட இந்த வெளியீட்டை ஒட்டி அனுப்பினால் பதில் வேறு விதமாக வரும்.

பிடிஆரில் பெயர் கிடைத்தால் பாதிதான் முடிந்தது. அந்தப் பெயரை எடுத்துத் திரும்பவும் ஏ பதிவு கேட்டு, முதலில் கேட்ட எண்ணே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏன் இந்தச் சுற்று? ஏனென்றால் பிடிஆரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தன் முகவரித் தொகுதிக்கு வங்கியொன்றின் பெயரை ஒருவன் எழுதினால் டிஎன்எஸ் தடுக்காது. பெல் லாப்ஸில் இருந்த ஸ்டீவன் பெலோவின் 1990 அளவில் இதன் வினையைக் கண்டார். அந்தக் காலத்து ஆர்லாகின், ஆர்எஸ்எச் கட்டளைகள் பிடிஆர் சொல்லும் பெயரை நம்பி, கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விட்டன. ரிவர்ஸ் ஸோன் ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் நம்பகமான கணினியின் பெயரை எழுதிக்கொண்டு நேரே நுழையலாம். ஆபத்து பெரிது என்று கண்டு அவர் அதைச் சில ஆண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்து, 1995இல்தான் வெளியிட்டார். பொய்ப் பெயர் எழுதுகிறவனால் அந்த டொமைனின் ஏ பதிவை மாற்ற முடியாது. இரு திசையும் ஒத்துப்போனால்தான் எண்ணை வைத்திருப்பவரும் பெயரை வைத்திருப்பவரும் சம்மதித்திருக்கிறார்கள் என்று தெரியும். இன்று ஜிமெயில் கேட்பதும் அந்த இரட்டைச் சம்மதத்தைத்தான்.

சோதிக்கும்போது ஏமாற்றக்கூடிய விஷயங்கள் சில. பிடிஆர் எழுதுவதற்கு முன்னரே ஒருமுறை கேட்டிருந்தால் “இல்லை” என்ற பதிலையும் உங்களுக்காகத் தேடித்தரும் ரிசால்வர் தன் கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் என்பதை எஸ்ஓஏ சொல்லும். பொறுமையில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்பதை விட, பொறுப்பான சேர்வரின் பெயரை அட் குறியோடு கொடுத்து நேரே அதனிடம் கேளுங்கள். மற்றது, பிங் கட்டளையோ கெட்என்ட் கட்டளையோ காட்டும் பெயரை நம்ப வேண்டாம். அவை உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பை முதலில் பார்க்கும். டிக் அதைப் பார்க்காது.

இன்னொன்று, அண்மைக் காலத்தில் அதிகம் காண்பது: ஐபிவி4க்குப் பிடிஆர் சரியாக இருக்கும், ஆனால் சேர்வருக்குத் தானாகவே ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி ஒன்றும் கிடைத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் கூகுளோடு பேசும்போது அந்த வழியால் போய்விடும். அந்த முகவரிக்குப் பெயர் இல்லை. கடிதம் திரும்பி வரும். டிக்கில் எல்லாம் சரியாகத் தெரிவதால் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். திரும்பி வந்த செய்திக்குள் எந்த முகவரி எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே வெளித்துவிடும். ஒன்று, ஐபிவி6க்கும் பிடிஆர் வைக்க வேண்டும். அல்லது போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4 வழியால் மட்டும் போகச் சொல்ல வேண்டும். ஐபிவி6இல் பெயர் ஐபி6.ஆர்ப்பாவின் கீழ் வரும்; 32 இலக்கமும் தனித்தனியே புள்ளி வைத்துத் திருப்பி எழுதப்படும். கையால் எழுத நினைக்கவே வேண்டாம், டிக் கொடுப்பதைப் பிரதி எடுங்கள். சேர்வர்களுக்கு மட்டும் பெயர் வைத்தால் போதும். ஒரு சாதாரண வலையிலேயே 2இன் 64ஆம் அடுக்கு முகவரிகள், அத்தனைக்கும் எழுத எவராலும் ஆகாது.

டொட் இலங்கை என்ற தமிழ் டொமைன் 2010இலிருந்து இருக்கிறது. அதில் மெயில் சேர்வருக்குப் பெயர் வைத்திருந்தால், பிடிஆரில் தமிழ் எழுத்தை அப்படியே போட முடியாது. எக்ஸ்என் என்று தொடங்கும் பியூனிகோட் என்ற ஆங்கில எழுத்து வடிவத்தைத்தான் போட வேண்டும். இப்போதைக்கு மெயில் சேர்வரின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே தொல்லை குறைவு.

வெளியே மெயில் போகாத இடங்களிலும் ரிவர்ஸ் டிஎன்எஸ் தன் கைவரிசையைக் காட்டும். ஆய்வுகூடத்தில் நாற்பது கணினி, எல்லாம் 192.168 என்று தொடங்கும் முகவரி. ஒரு லினக்ஸ் சேர்வருக்குள், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால் கடவுச்சொல் கேட்கவே நெடுநேரம். நெட்வேர்க் மெதுவென்று கேபிளை மாற்றுவார்கள், சுவிட்சை மாற்றுவார்கள். நடந்தது என்னவென்றால், வந்தவர் பெயர் என்ன என்று சேர்வர் ரிவர்ஸ் தேடலுக்குப் போய், பதில் கிடைக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் வழமையான காத்திருப்பு 5 நொடி, இரண்டு முயற்சி. நேம்சேர்வர் இரண்டு எழுதியிருந்து இரண்டும் ஊமையாக இருந்தால் 20 நொடி ஓடிவிடும். ஓப்பன்எஸ்எஸ்எச் 2015இல் வந்த 6.8 பதிப்பிலிருந்து இந்தத் தேடலை இயல்பாகவே நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய சேர்வர்கள் நம்மிடையே நெடுநாள் வாழ்கின்றன. மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் இணைப்பு வரும்போது இதே தேடலைச் செய்யும். அதை அணைக்க ஸ்கிப்-நேம்-ரிசால்வ் என்று ஓர் அமைப்பு உண்டு. அணைத்தால் பெயரை வைத்துக் கொடுத்த அனுமதிகள் வேலை செய்யாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தேடலை அணைப்பது மருந்து, ஆனால் முழு மருந்தல்ல. உள்வலைக்கென்று ஒரு ரிவர்ஸ் ஸோன் வைத்துவிட்டால் சேர்வர் பதிவேடுகளில் வெறும் எண்ணுக்குப் பதில் கணினிப் பெயர் வரும். வைரஸ் பிடித்தது எந்த மேசையிலுள்ள கணினி என்று ஓடித் தேடத் தேவையில்லை. விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஃபோர்வேர்ட் ஸோன் (பெயரிலிருந்து எண்ணுக்கு) தானாக உண்டாகும், ரிவர்ஸ் ஸோனை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பதிவுகளை எழுதிவிடும். பழையதைக் கூட்டி அள்ளும் வசதியையும் திறந்து வைக்காவிட்டால், போன வருடம் விற்ற மடிக்கணினியின் பெயர் இன்றைய கணினிக்கு நிற்கும். உள்ளே ஸோன் இல்லாவிட்டால் 192.168 பற்றிய கேள்விகள் இணையத்துக்குக் கசியும். உலகம் முழுவதும் கசிகிற இப்படியான கேள்விகளை வாங்கி “இல்லை” என்று சொல்வதற்காகவே ஏஎஸ்112 என்ற பெயரில் சேர்வர்களை நடத்துகிறார்கள். பைண்டின் புதிய பதிப்புகள் இதற்கென்று வெற்று ஸோன்களைத் தாமாகவே வைத்திருக்கின்றன.

பிடிஆரின் வேறொரு முகம், இணையத்தில் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையில் தெரியும். பாதை நெடுகிலும் ரூட்டர்களின் பெயருக்குள் விமான நிலையக் குறிகள் ஒளிந்திருக்கும்: சிஎம்பி என்றால் கொழும்பு, எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர், எம்ஏஏ என்றால் சென்னை. பலாலிக்கும் ஜேஏஎஃப் என்று ஒரு குறி இருக்கிறது; எந்த ரூட்டர் பெயரிலும் அதைக் கண்டதாக நினைவில்லை. இந்தப் பெயர்களைப் பார்த்துப் பாதையை ஊகிக்கலாம், சத்தியம் பண்ண முடியாது. ரூட்டரை இடம் மாற்றியவர் பெயரை மாற்ற மறந்திருக்கலாம்.

கடைசியாக, இணைய நிறுவனத்தை மாற்றுகிறவர்களுக்கு. டொமைன் உங்களோடு வரும், பிடிஆர் வராது. அது பழைய முகவரியோடு பழைய இடத்திலேயே நிற்கும். புதிய இணைப்புக்குப் பணம் கட்டும் நாளிலேயே புதிய முகவரிக்கான பிடிஆரை எழுதச் சொல்லிவிடுங்கள். அது வெளியிலிருந்து சரியாகத் தெரிந்த பிறகுதான் ஏ பதிவையும் மெயிலையும் மாற்ற வேண்டும். பழைய முகவரியிலுள்ள பிடிஆரை நீக்கச் சொல்லி ஒரு வரி எழுதுவதும் உங்கள் வேலைதான். நாளை அந்த முகவரி வேறொருவருக்குப் போகும்போது உங்கள் கந்தோரின் பெயரும் அதோடு போகும்.